ஏசி வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் கேட்டுப் பெற வேண்டியவை

2024 ஜூன் மாதத்தைக் கருணாபுரம் மறக்காது. கள்ளக்குறிச்சி நகருக்குள், நீதிமன்றமும் காவல் நிலையமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் பகுதி இது. மெத்தனால் கலந்த சாராயத்தால் இங்கும் சுற்றுப்புறங்களிலும் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் கூலித் தொழிலாளர்கள். தலித் குடும்பங்கள் பல, சம்பாதிக்கும் ஆளை இழந்தன. பெற்றோரை இழந்த பிள்ளைகளின் கல்வி, விடுதிச் செலவைப் பட்டப்படிப்பு வரை ஏற்பதாக அரசு அறிவித்தது. படித்து முடித்து அவர்கள் எந்த வேலைக்குப் போவார்கள் என்பதை நாம் இப்போதே பேச வேண்டும்.

பத்தாம் வகுப்பு முடித்த பையன்கள் நாடும் வேலைகளில் ஏசி பொருத்துவதும் ஒன்று. கோடை வந்தால் ஆள் தேவைப்படும். ஆனால் படிக்காமல் ஹெல்பராகப் போகிறவருக்குக் கிடைப்பது தினக்கூலி. கனமான அவுட்டோர் யூனிட்டைத் தூக்கிக்கொண்டு மாடிச் சுவரில் தொங்குவதும் அவரே. இடுப்பில் பெல்ட் இருக்காது. சிலிண்டரில் என்ன கேஸ் இருக்கிறது என்றும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

வீட்டு ஏசிகளில் முன்பு ஆர்-22 என்ற கேஸ் இருந்தது. அது ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி படிப்படியாக விலக்கப்படுகிறது. இன்று பெரும்பாலும் வருவது ஆர்-32. சில ஏசிகளில் ஆர்-290, அதாவது புரோப்பேன் இருக்கிறது. ஆர்-32 மெதுவாகத் தீப்பிடிக்கும்; புரோப்பேன் நம் அடுப்பு கேஸைப் போலவே பற்றிக்கொள்ளும். இரண்டும் காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் தரையோடு தேங்கும். மூடிய அறையில் அதிகம் சேர்ந்தால் மூச்சுத் திணறும். ஆர்-32-க்கு நமக்குத் தெரியும்படியான வாசனை கிடையாது. மெத்தனாலையும் மூக்கால் பிரித்தறிய முடியாது என்பது நமக்குத் தெரியும். இவற்றைக் கண்டறியக் கருவி வேண்டும், படிப்பு வேண்டும்.

இந்த வேலையில் உயிர்நாடி, இரண்டு யூனிட்டுகளையும் இணைக்கும் செம்புக் குழாய். அதைக் கட்டரால் வெட்ட வேண்டும். ரம்பத்தால் அறுத்தால் துகள் உள்ளே போய்க் கம்ப்ரசரைக் கெடுக்கும். குழாயின் வாயை விரித்து, நட்டை நிறுவனம் சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். குறைந்தால் கசியும், மிஞ்சினால் விரிந்த வாய் வெடித்துவிடும்.

அடுத்தது கசிவுச் சோதனை. இதற்கு நைட்ரஜன் மட்டுமே, அதுவும் ரெகுலேட்டர் வழியாக. சிலர் கையில் கிடைக்கும் ஆக்சிஜனை ஏற்றுகிறார்கள். உள்ளே இருக்கும் எண்ணெயோடு அழுத்தமுள்ள ஆக்சிஜன் சேர்ந்தால் குண்டுபோல் வெடிக்கும். சோதனை முடிந்ததும் வேக்கம் பம்ப் போட்டுக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும். நேரத்தை மிச்சப்படுத்த, கேஸையே விட்டுக் காற்றை வெளியே தள்ளுவது தீப்பிடிக்கும் கேஸ் உள்ள யூனிட்டில் உயிரோடு விளையாடுவதாகும்.

ஏசியைக் கழற்றும்போதும் ஆபத்து உண்டு. கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுக்கும் நேரத்தில் குழாய் திறந்திருந்தால், கம்ப்ரசர் காற்றை உறிஞ்சும். காற்றும் எண்ணெயும் அழுத்தத்தில் சூடாகிக் கம்ப்ரசரே வெடிக்கும். குழாயைக் கழற்றும் முன் கம்ப்ரசரை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்திருக்க வேண்டும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். திரவமாகத் தெறிக்கும் கேஸ் தோலை உறையவைத்துப் புண்ணாக்கும்.

இதை இந்தப் பத்தியில் ஏன் எழுதுகிறோம்? கண்ணுக்குத் தெரியாத வாயுவில் சிக்கிச் சாவது இந்த நாட்டில் யாருடைய கதை என்று நமக்குத் தெரியும். மலக்குழிக்குள் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அப்படி இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொன்னது. இருந்தும் சாவு நிற்கவில்லை. ஆபத்தான வேலை ஒரு சாதிக்கு, அதைப் பற்றிய அறிவு இன்னொரு சாதிக்கு என்ற பழைய பங்கீடு, புதிய தொழிலிலும் ஹெல்பர், மெக்கானிக் என்ற பெயரில் தொடர நாம் விடக் கூடாது.

வழி இருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்களில் குளிர்பதனம் மற்றும் ஏசி தொழில்நுட்பப் படிப்பு இரண்டு ஆண்டுகள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். அரசு ஐடிஐ-யில் கட்டணமின்றிப் பயிற்சியும் மாத உதவித்தொகையும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். ஆதிதிராவிடர், பழங்குடியின இளைஞர்களுக்குத் தாட்கோவும் திறன் பயிற்சி தருகிறது. கல்வராயன் மலைப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். பெண்களும் இந்த வேலைக்கு வரலாம். நட்டை முறுக்கத் தேவை சரியான ஸ்பேனரும் பயிற்சியும்தான்.

ஏற்கெனவே ஹெல்பராக இருக்கும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வோம். நாளை வேலைக்குப் போனதும் மூன்றைக் கேளுங்கள்: பெல்ட் எங்கே, இது என்ன கேஸ், நைட்ரஜன் சிலிண்டர் வந்ததா? பதில் வராவிட்டால் சுவரில் ஏற வேண்டாம். ஒருநாள் கூலி போனால் மறுநாள் சம்பாதித்துக்கொள்ளலாம். இன்னொரு சாவைத் தாங்கும் நிலையில் நம் வீடுகள் இல்லை.