கறுப்புக் காய் வந்தால் கலங்காதீங்க!

செஸ் போட்டியில் கறுப்புக் காய் என்றதுமே நம்ம பசங்க பலர் பாதி தோற்றுவிடுகிறார்கள். எனக்குக் கைகொடுப்பது 'காரோ-கான்' தற்காப்பு. 1886-இல் இதை ஆராய்ந்த ஹொராஷியோ காரோ, மார்கஸ் கான் இருவரின் பெயரே இதற்கு.

வெள்ளை ராஜா முன்னுள்ள சிப்பாயை இ4-க்கு நகர்த்தினால், நாம் சி6. அடுத்து அவர் டி4, நாம் டி5. இந்த டி5 சிப்பாய்க்கு சி6 சிப்பாய்தான் முட்டுக்கொடுக்கும். பிரெஞ்சு தற்காப்பில் இந்த வேலையை இ6 சிப்பாய் செய்யும். அதனால் ராணிப் பக்கத்து பிஷப் உள்ளேயே முடங்கிவிடும். இங்கே அதற்கு வழி திறந்திருக்கும்.

வெள்ளை இ5 என்று முன்னேறினால் பதறாதீங்க. முதலில் பிஷப்பை எஃப்5-க்கு வெளியே விடுங்க, அப்புறம்தான் இ6. பிறகு சி5 தள்ளி, இ5-க்கு அஸ்திவாரமான டி4 சிப்பாயைத் தாக்குங்க. இதுதான் எதிர்த்தாக்குதல்.

குறையும் உண்டு. குதிரைக்கு உரிய சி6 கட்டத்தைச் சிப்பாய் பிடித்துக்கொள்கிறது; அது சி5 போக இரண்டு நகர்த்தல் செலவாகிறது. ஆனாலும் 1958-இல் ஸ்மிஸ்லோவிடமிருந்து உலகப் பட்டத்தை மீட்ட போட்வின்னிக் அந்த மறுபோட்டியில் நம்பி ஆடியது இதைத்தான்.

ரெக்கார்டு நோட்டுக்கும் டெஸ்டுக்கும் நடுவே பத்து தற்காப்புகளைப் படிக்க நமக்கு நேரமேது? ஒன்றை முழுசா கத்துக்குங்க, கறுப்பும் ஜெயிக்கும்!