தேட்டமும் முதுசமும்: வரி எதனைத் தீண்டுதல் வேண்டும்?

யாழ்ப்பாணத்தார் வழமைகளை ஒல்லாந்தர் 1707 ஆம் ஆண்டில் தேசவழமையென எழுத்தில் அமைத்தபோது, ஆதனங்கள் முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என வகுக்கப்பட்டன. பெற்றார்வழி வந்தது முதுசம். இல்லறத்தில் முயன்று ஈட்டியது தேடிய தேட்டம். பங்கீட்டின் பொருட்டு எழுந்த இவ்வேறுபாடு, வரியைப் பற்றிச் சிந்திப்போருக்கும் உறுதுணையாகும்.

இலங்கையில் வருமான வரி 1932 ஆம் ஆண்டில் விதிக்கப்பட்டது. அத்தகைய வரி சேமிப்பை எவ்வாறு பாதிக்கின்றது என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். இருவர் ஆளுக்கு 1,000 ரூபா பெறுகின்றனர். வரி நூற்றுக்கு 20 என்க. இருவரும் 200 ரூபா செலுத்துவர். ஒருவர் எஞ்சிய 800 ரூபாவையும் செலவிட்டு விடுகின்றார். அவர் கணக்கு அத்துடன் முடிந்தது. மற்றவர் அதனை நூற்றுக்கு 5 வட்டிக்கு இடுகின்றார். ஆண்டிறுதியில் வரும் 40 ரூபா வட்டியிலும் 8 ரூபா வரியாகக் கழிகின்றது. சிக்கனமாய் வாழ்ந்தவரே இருமுறை வரி இறுக்கின்றார். இம்முறைகேட்டைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஜோன் ஸ்ருவாட் மில் எடுத்துக்காட்டினார்.

இதற்குப் பரிகாரமாகக் கேம்பிறிட்ஜ் அறிஞர் நிக்கலஸ் கால்டோர் 1955 இல் வெளியிட்ட நூலில் செலவு வரியை வற்புறுத்தினார். ஒருவன் பொதுச் செல்வத்திற்கு ஈட்டித் தருவதற்கன்றி, அதிலிருந்து எடுத்து நுகர்வதற்கே வரி இறுத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. சேமிப்போன் இதனால் ஆறுதல் பெறுவான். வருமானம் சிறிதெனக் காட்டி, முதலை விற்று ஆடம்பரமாய் வாழும் செல்வனும் தப்பவியலாது.

ஆயின் இங்கே ஒரு வினா எழுகின்றது. செலவிடாது குவித்த பொருள் பிள்ளைகளைச் சேருமாயின், தந்தையின் தேட்டம் மைந்தனின் முதுசமாகிவிடும். உழைத்தவனுக்குக் காட்டிய சலுகை உழையாதவனுக்கும் உரியதாகுமா? இதனாலேயே கால்டோர் செலவு வரியைத் தனியே விடாது, செல்வ வரி, நன்கொடை வரி முதலியவற்றோடு பிணைத்தார். 1958 இல் இலங்கை வந்து அவர் கூறிய ஆலோசனைகளைத் தழுவி, ஸ்ரான்லி டி சொய்சா நிதி அமைச்சராயிருந்த காலத்தில், 1959 இல் இவ்வரிகள் இந்நாட்டில் சட்டமாயின. இந்தியா இவற்றை 1957, 1958 ஆம் ஆண்டுகளிலேயே மேற்கொண்டிருந்தது.

கொள்கை செம்மையானதே, நடைமுறை இடர் தந்தது. ஒவ்வொருவரின் செலவையும் கணக்கெடுப்பது அரிது; கிடைத்த வருவாயும் சிறிது. இலங்கையில் செலவு வரி 1963 இல் கைவிடப்பட்டது. 1976 இல் மீண்டும் தோன்றி விரைவில் மறைந்தது. இறந்தோர் ஆதனத்தின் மீதான தீர்வையும் 1980களில் நீங்கிற்று.

இன்றைய நிலை யாது? நுகர்வை வரி தொடாமலில்லை. பெறுமதி சேர் வரி 2024 சனவரியில் நூற்றுக்கு 18 ஆக உயர்த்தப்பட்டது. ஆனால் கால்டோரின் வரி செல்வரின் செலவு கூடுந்தோறும் வீதமும் ஏறுமாறு அமைந்தது. இதுவோ ஏழைக்கும் செல்வனுக்கும் ஒரே வீதமானது. வைப்புப்பண வட்டியில் முன்கூட்டிப் பிடிக்கும் வரியும் 2025 ஏப்ரிலில் நூற்றுக்கு 5 இலிருந்து 10 ஆயிற்று. குறைந்த வருமானமுடையோர் பிரகடனம் கொடுத்து அதிலிருந்து விலக்குப் பெறலாமெனினும், சேமிப்பு தொடப்பட்டது மெய்யே. நன்கொடை, முதுச வரியோ 2023 இல் சர்வதேச நாணய நிதியத்துடன் செய்த ஏற்பாட்டில் எதிர்காலத் திட்டமாக இடம்பெற்றது.

வரியின்றி அரசில்லை, பாடசாலையும் வைத்தியசாலையும் இல்லை. எனவே வரி வேண்டுமா என்பதன்று வினா, எதன்மேல் என்பதே. முதியோர் ஒருவர் வயிற்றைக் கட்டிச் சேர்த்த தேட்டத்தின் வட்டியையும், முயற்சியின்றி ஒருவன் கைக்கு வந்த பெருஞ் செல்வத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நீதியாகாது. தேட்டத்தையும் முதுசத்தையும் பிரித்தறிந்த சமுதாயத்தின் வழிவந்த மாணவர், நாளை நிதித்துறையில் அமரும்போது இதனை நினைவிற் கொள்வாராக.