என்பு ஒட்டும் மேற்பரப்பு: மன்னார்க் கரையிலிருந்து ஒரு பார்வை

முறிந்த காலுக்குத் தகடு வைத்தவர், செயற்கை இடுப்பு மூட்டு வைத்தவர், தாடையில் செயற்கைப் பல் பதித்தவர் ஆகியோரின் உடலில் இருப்பது உயிரியப் பொருள் ஆகும். உடலினுள் வைக்கப்பட்டு, உயிருள்ள இழையத்துடன் தொடர்புற்றுத் தொழிற்படும் பொருளே உயிரியப் பொருள் எனப்படும். போர் கடந்து வந்த மாவட்டமாகையால் இத்தகையோரை மன்னார் மாணவர்கள் வீட்டிலோ அயலிலோ கண்டிருப்பீர்கள். “காலுக்குள்ள இரும்பு இருக்கு” என்போம். ஆனால் அது வெறும் இரும்பன்று. பெரும்பாலும் துருப்பிடியா உருக்கு அல்லது தைத்தேனியக் கலப்புலோகம் ஆகும்.

இவ்விரண்டையும் என்பு ஒரே விதமாக ஏற்பதில்லை. இது தற்செயலாகவே அறியப்பட்டது. 1952இல் சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிறேனமார்க் என்பவர், முயலின் கால் என்பில் குருதியோட்டத்தை ஆராயத் தைத்தேனியத்தாலான சிறு கருவியைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து அதைக் கழற்ற முயன்றபோது முடியவில்லை. என்பு அதனுடன் ஒட்டி வளர்ந்திருந்தது. 1965இல் அவர் ஒரு நோயாளியின் தாடையில் பதித்த தைத்தேனியப் பல்வேர்கள், அந்நோயாளி 2006இல் இறக்கும்வரை பயன்பட்டன. இவ்வாறு என்பு நேரடியாகப் பொருளுடன் இணைவது என்பு ஒருங்கிணைவு எனப்படும்.

ஏன் ஒட்டியது? தைத்தேனியம் வளியில் பட்டவுடன் அதன்மேல் சில நானோமீற்றர் தடிப்பான ஒட்சைட்டுப் படலம் தானாகவே உருவாகிறது. (ஒரு நானோமீற்றர் என்பது ஒரு மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு.) ஆகவே என்பு சந்திப்பது உலோகத்தை அன்று, இப்படலத்தையே. விடை எழுதும்போது பலர் தவறவிடும் இடம் இதுதான்.

கலம் கூட முதலில் வருவதில்லை. பொருளைப் பதித்த சில செக்கன்களிலேயே குருதியிலுள்ள புரதங்கள் மேற்பரப்பில் படிகின்றன. பின்னர் வரும் என்பாக்கும் கலங்கள், தம் மென்சவ்விலுள்ள இன்ரெகிரின் எனும் புரதத்தால், படிந்துள்ள பைபுரொநெக்ரின் போன்ற புரதங்களைப் பற்றிக்கொள்கின்றன. பேசாலைப் படகு நங்கூரம் போடுவதை நினைத்துப் பாருங்கள். நங்கூரம் நல்லதாயினும் அடிநிலம் பிடிகொடுக்க வேண்டும். பிடி கிடைத்த கலம் தட்டையாகப் பரவிப் பெருகி, கொலாஜன் நார்களைச் சுரக்கிறது. அந்நார்களில் கல்சியம் பொசுபேற்றுக் கனியம் படிந்து என்பாகிறது. பிடி கிடைக்காத கலம் உருண்டையாகவே இருந்து மடிந்துவிடும்.

பிடியைக் கூட்டுவதற்காக மேற்பரப்பில் கடினமான துணிக்கைகளை வீசியும், அமிலத்தால் அரித்தும், 1 முதல் 2 மைக்கிரோமீற்றர் அளவிலான கரடுமுரடை ஏற்படுத்துகின்றனர். நீரை ஏற்கும் மேற்பரப்பாயின் மேலும் நன்று. அதற்காக “கரடு கூடக்கூட நல்லது” என்று எழுதிவிடாதீர்கள். பற்றீரியாக்களும் கரடான இடத்தில் எளிதாகக் குடியேறும். யார் முந்துவது எனக் கலத்துக்கும் பற்றீரியாவுக்கும் இடையே நடப்பதை, 1987இல் அமெரிக்க மருத்துவர் அந்தோனி கிறிஸ்டினா மேற்பரப்புக்கான ஓட்டப்போட்டி என விபரித்தார். பற்றீரியா முந்தினால் பொருத்தியதைக் கழற்ற நேரிடலாம்.

இனி நம் கடலுக்கு வருவோம். வங்காலை, சிலாவத்துறைக் கடலடியில் முருகைக்கற்பாறைகள் உண்டு. முருகையின் வன்கூடு கல்சியம் காபனேற்றாலானது. அதிலுள்ள நுண்டுளைகள் ஒன்றோடொன்று தொடர்புற்றவை. துளை 100 மைக்கிரோமீற்றருக்கு மேற்பட்டிருந்தால் குருதிக்குழாயும் என்பும் உட்புகுந்து வளரலாம். 1974இல் றோய், லினஹன் என்னும் ஆய்வாளர்கள், முருகையைப் பொசுபேற்றுக் கரைசலுடன் உயர் வெப்பத்திலும் அமுக்கத்திலும் தாக்கமுறச் செய்து, துளைகள் குலையாமலே அதை என்பின் கனியமான ஐதரொட்சி அப்பற்றைற்றாக மாற்றினர்.

அரிப்பு, மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில் விலைபோனது முத்துதான். ஆனால் அந்த இப்பியின் பேரினமான பிங்டாடாவைச் சேர்ந்த மற்றோர் இப்பியின் ஓட்டுப்பளபளப்பை, 1992இல் பரிஸ் ஆய்வாளர்கள் மனித என்பாக்கும் கலங்களுடன் ஆய்வுகூடத்தில் வளர்த்தபோது, அருகே என்பு உருவாகக் கண்டனர். அதற்கு முன்பே, ஏறத்தாழ கி.பி. 600ஐச் சேர்ந்த மாயர் தாடையென்பு ஒன்று 1931இல் ஹொண்டூரசில் கிடைத்தது. அதில் சிப்பியோட்டாலான மூன்று பற்கள் இருந்தன. 1970இல் எடுத்த எக்ஸ்கதிர்ப் படங்கள் அவற்றைச் சுற்றி என்பு வளர்ந்திருந்ததைக் காட்டின. ஆனால் சிப்பியைப் பொடியாக்கிக் காயத்தில் வைப்பது மருத்துவம் ஆகாது. கிருமிநீக்கிப் பதப்படுத்திய பொருளே உடலுக்கு உகந்தது.

மூன்றாவது பொருள் நம் காலடியிலேயே உள்ளது. மன்னார்த் தீவு மணலின் கறுத்த, பாரமான மணிகளில் முக்கியமானது இல்மனைற்று. இது இரும்பு, தைத்தேனியம், ஒட்சிசன் அணுக்கள் 1:1:3 விகிதத்தில் அமைந்த சேர்வை. 100 கிராம் தூய இல்மனைற்றில் ஏறத்தாழ 31.6 கிராம் தைத்தேனியம் உண்டு. (அணுத்திணிவுகளை இட்டு நீங்களே கணித்துப் பாருங்கள்.) மன்னார் மணலை அகழ்ந்தால் முறிந்த என்புகளுக்கெல்லாம் வழி பிறக்கும் என எழுதிய விடைத்தாள் ஒன்றை நான் திருத்தியிருக்கிறேன். அதற்குப் புள்ளி போட மனம் வரவில்லை. உலகில் அகழப்படும் தைத்தேனியக் கனியங்களில் பெரும்பங்கு வெள்ளை நிறப்பூச்சுப் பொருளாகவே மாறுகிறது. உலோகமாவது சிறு பங்கு. அதிலும் சத்திரசிகிச்சைக்குப் போவது மிகச் சொற்பம். 2025இல் மன்னார் மக்கள் கனிய மணல் அகழ்வுக்கு எதிராக வீதியில் இறங்கியதைப் பற்றி எழுதுவோர், இந்தக் கணக்கையும் விடையில் சேர்த்துக்கொள்ளலாம்.