ஏலத்துக்கு ஏலம்: போடிநாயக்கனூரில் இரண்டு நாள்

முதல்ல ஒரு கேள்வி. மதுரையிலிருந்து மூணாறு போயிருக்கீங்களா? அப்படின்னா போடியைத் தாண்டித்தான் போயிருப்பீங்க. ஊர் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா, “ஒரு டீ குடிச்சோம்”னு சொல்வீங்க. நானும் நாலு தடவை அப்படித்தான் போயிருக்கேன்.

ஐரோப்பாவில், ஆல்ப்ஸ் மலையில், பிரியான்சோன்னு ஒரு ஊர் இருக்கு. மலைக்கணவாய் பக்கத்துல, சுத்தி கோட்டைச்சுவர் கட்டின பழைய ஊர். அந்தக் கோட்டைகளை 2008லேயே யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்துட்டாங்க. போடியும் ஒரு கணவாய் ஊர்தான். ஆனா இங்க சுவரை மனுஷன் கட்டலை. மேற்குத் தொடர்ச்சி மலையே மூணு பக்கமும் நிக்குது.

எனக்கு இந்த ஊரோட ஒரு சொந்தக் கணக்கு பாக்கி இருந்துச்சு. எங்க அம்மாச்சி கல்யாணத்துக்கு முன்னாடி போடியில ஏலக்காய் பொறுக்கப் போனவங்க. காயைக் கொட்டி, பருமன், நிறம் பார்த்துத் தரம் பிரிக்கிற வேலை. “ராத்திரி சோறு சாப்பிட்டாலும் கை மணக்கும்டா”ன்னு சொல்வாங்க. அதுக்கு மேல நான் கேட்டதில்லை. போன வருஷம் தவறிட்டாங்க. அதனாலதான் இந்தத் தடவை சென்னையில ரயிலேறி நேரா போடியிலேயே இறங்கினேன்.

அந்த ரயிலுக்கே ஒரு கதை இருக்கு. மதுரை–போடி பாதை 1928ல வந்தது. இரண்டாம் உலகப் போர் சமயத்துல தண்டவாளத்தையே பிடுங்கிட்டுப் போயிட்டாங்க. 1950களில் திரும்பப் போட்டாங்க. அகலப்பாதை ஆக்கறதுக்காக 2010 கடைசியில நிறுத்தினது, போடிக்கு மறுபடி ரயில் வர 2023 ஜூன் ஆயிடுச்சு. இடையில ஒரு தலைமுறைப் பிள்ளைங்க ரயிலைப் பார்க்காமலே பள்ளிக்கூடம் முடிச்சிருப்பாங்க.

இவ்வளவு சின்ன ஊருக்கு ரயில் எதுக்கு? பதில் மலைமேல இருக்கு. வெள்ளைக்காரன் காலத்துல மூணாறு தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரைக்கும் வரும். அங்கிருந்து பெட்டிகளைக் கம்பிவட ரோப்வேயில கீழே கொட்டகுடிக்கு இறக்குவாங்க. அப்புறம் மாட்டு வண்டியில போடி. 1924 பெருவெள்ளம் மேல இருந்த ரயில்பாதையை அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. ஆனா பேரு போகலை. குரங்கணிக்கு மேல இன்னைக்கும் ‘சென்ட்ரல் ஸ்டேஷன்’னு ஒரு மலைக்கிராமம் இருக்கு. அது ரோப்வேயோட நடு நிலையம் இருந்த இடம். ரயிலே வராத ஸ்டேஷன்!

முதல் நாள் அரண்மனைப் பக்கம் போனேன். போடி ஒரு பாளையம், பிறகு ஜமீன். 1948 சட்டத்துல ஜமீன்தாரி முறை போச்சு. அரண்மனை மட்டும் நிக்குது. உள்ளே இராமாயணக் காட்சிகளைச் சுவரோவியமா தீட்டி வச்சிருக்காங்க. அது குடும்பத்தோட இடம், நினைச்ச நேரத்துக்கு நுழைய முடியாது. நான் வெளியில நின்னு பார்த்துட்டு வந்தேன். கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மறுநாள் காலை அஞ்சரை மணி. ஜீப் நிக்கிற இடத்துல டீ குடிச்சுட்டு இருந்தேன். தூக்குவாளியோட, தலையில துண்டு கட்டின பொம்பளைங்க வரிசையா ஜீப்ல ஏறுறாங்க. ஒரு அக்கா என்னைப் பார்த்து, “எங்கிட்டுத் தம்பி போறீக, மூணாறா?”ன்னு கேட்டாங்க. இல்லக்கா, ஊரைப் பார்க்க வந்தேன்னேன். “ஊரு மேலல்ல போகுது. நாங்க போயிட்டா இங்க என்ன இருக்கு?”ன்னு சிரிச்சாங்க.

அவங்க சொன்னது வெறும் ஜோக் இல்லை. போடி கீழே இருக்கு, பிழைப்பு மேல இருக்கு. 1956 நவம்பர் 1ல மாநிலங்களைப் பிரிச்சப்போ, தமிழர் நிறைய வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவுக்குப் போச்சு. அதைத் தமிழ்நாட்டோட சேர்க்கணும்னு பெரிய போராட்டமே நடந்தது. கோடு போட்டாச்சு. ஆனா காடு அங்க, ஆள் இங்க. முந்தல் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டு செக்போஸ்ட்டைக் கடந்து தினம் வேலைக்குப் போறாங்க. சாயங்காலம் அதே வழியில இறங்குறாங்க. மழை, பனி, நெரிசலான ஜீப், எல்லாத்தையும் கூலிக்குள்ளயே சேர்த்துக்கணும்.

வேலை என்னன்னு சொல்றேன். ஏலச்செடி மரநிழலில்தான் வளரும். செடி நம்மை விட உயரம், ஆனா பூவும் காயும் அடித்தூரிலிருந்து தரையோட படர்ற சரத்துல. அதனால நாள் முழுக்கக் குனிஞ்சோ உட்கார்ந்தோதான் எடுக்கணும். ஒரே சரத்துல பூ, பிஞ்சு, முத்தின காய் மூணும் இருக்கும். முத்தினதை மட்டும் எடுக்கணும். அதுக்கு இன்னும் மெஷின் கிடையாது, விரல்தான். எடுத்த காயை ஸ்டோர்ல சூடு காட்டி, பச்சை நிறம் போகாம உலர்த்துவாங்க. அஞ்சு கிலோ பச்சைக்காய்க்கு ஒரு கிலோ மாதிரிதான் தேறும்.

அப்புறம் அது ஏலத்துக்கு வரும். ஆமா, ஏலத்துக்கு ஏலம்! செடியோட பேர் நம்ம பழைய சொல். கூவி விக்கிற ஏலம் போர்ச்சுகீசியர் வழியா வந்த சொல். ரெண்டும் சந்திக்கிற ஊர் போடி. நறுமணப் பொருள் வாரியத்தோட மின்னணு ஏலம் இங்கயும், கேரளப் பக்கம் புத்தடியிலும் நடக்குது. 2019 ஆகஸ்டில் புத்தடியில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போச்சு. அந்த விலை ஏறினது 2018 வெள்ளத்துல செடி அழிஞ்சு, அடுத்து மழையும் பொய்த்ததால. 2024 கோடையில வறட்சி திரும்பவும் தோட்டங்களைக் காய வச்சது. செடி காஞ்சா ஜீப்புக்கு வேலை இல்லை. குவாத்தமாலாவிலயும் ஏலக்காய் நிறைய விளையுது. வாங்குறவங்களுக்கு வேற கடை இருக்கு. அந்த அக்காவுக்கு வேற மலை இல்லை.

கிளம்புறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட, “உங்க பிள்ளைங்க?”ன்னு கேட்டேன். “மக காலேஜ் போறா. மலைக்கு வரமாட்டா, வரவும் விடமாட்டேன்”னு சொல்லிட்டு ஏறிட்டாங்க. பாரம்பரியத்தைக் காப்பாத்தணும்னு மைக் முன்னாடி பேசுற எனக்கு அதுக்குப் பதில் வரலை. ஏலக்காய் இருக்கணும், ஆனா அந்தப் பொண்ணு குனியக் கூடாது. ரெண்டையும் ஒரே வாயால சொல்லத்தான் தோணுது.

போறவங்களுக்கு ரெண்டு விஷயம். குரங்கணி மலையேற்றம் ஆசையா இருந்தா, வனத்துறை அனுமதி இல்லாம காலே வைக்காதீங்க. 2018 மார்ச் 11 காட்டுத்தீயில 23 பேர் செத்துப்போனாங்க, நம்ம வயசுப் பிள்ளைங்கதான் நிறைய. ரெண்டாவது, மூணாறுக்கு முன்னாடி ஒரு ராத்திரி போடியில தங்குங்க. விடியக்காலை எழுந்திருங்க.

நான் கால் கிலோ ஏலக்காய் வாங்கிட்டு வந்தேன். பொட்டலத்தைப் பிரிச்சதும் அம்மா வாங்கி ஒண்ணொண்ணா கையில எடுத்துப் பார்த்தாங்க. “இது பொறுக்காத காய்டா”ன்னாங்க. அம்மாச்சி அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. எனக்குத்தான் தெரியாம இருந்திருக்கு. அன்னைக்கு ராத்திரி அம்மாவை உட்கார வச்சு ரெக்கார்டரை ஆன் பண்ணேன். உங்க வீட்டுலயும் யாராவது இருந்தா, அடுத்த எபிசோடு வரைக்கும் காத்திருக்காதீங்க. இன்னைக்கே கேளுங்க.