கேரட் ஏன் துவள்கிறது?

நல்ல ஊட்டி கேரட்டை ஒடித்தால் 'படக்'கென்று முறியும். ஏன்? அதன் எடையில் ஏறத்தாழ 88 சதவீதம் தண்ணீர். செல்களுக்குள் நிரம்பிய நீர், செல்சுவரை உள்ளிருந்து அழுத்துவதால் வரும் விறைப்பு அது. நீர் ஆவியாகிப்போனால் அழுத்தம் குறையும். கேரட் ரப்பர்போல வளையும்.

எப்படித் தடுப்பது? பறித்த பிறகும் தழை கேரட்டிலிருந்து நீரை உறிஞ்சி ஆவியாக்கும். எனவே வாங்கி வந்ததும் தழையை நறுக்கிவிடுங்கள். மேல் ஈரத்தைத் துடைத்து, பாலித்தீன் பையில் போட்டு, ஃபிரிட்ஜின் காய்கறி டிரேயில் வையுங்கள். குளிர்ச்சியும் பைக்குள் தங்கும் ஈரப்பதமும் நீரிழப்பைக் குறைக்கும். பக்கத்தில் ஆப்பிள் வேண்டாம். அது வெளியிடும் எத்திலீன் வாயு கேரட்டைக் கசக்கவைக்கும்.

துவண்டதையும் வீசிவிடாதீர்கள். குளிர்ந்த நீரில் ஒரு மணி நேரம் போட்டால், சவ்வூடுபரவலால் செல்கள் நீரை இழுத்து மீண்டும் விறைக்கும். வழவழத்துப்போனது மட்டும்தான் குப்பைக்கு.