தாயும் சேயும்: கொழுப்பு சுரக்கும் ஹார்மோன்கள்

உடற்கொழுப்பும் ஹார்மோன் சுரக்கும். 1994இல் கண்டறியப்பட்ட லெப்டின் பசியை அடக்கும். அடிப்போனெக்டின் இன்சுலினுக்குத் துணைநிற்கும். கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியும் லெப்டினைச் சுரக்கும். பிரசவமானதும் தாயின் ரத்தத்தில் அது மளமளவென்று இறங்கிவிடும். கர்ப்பகாலச் சர்க்கரை நோயில் அடிப்போனெக்டின் குறைகிறது. கர்ப்பகால ரத்தக்கொதிப்புச் சிக்கலில் லெப்டின் பெரும்பாலும் ஏறுகிறது.

குழந்தையின் கதைதான் வியப்பு. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர் அவ்வூர்க் குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தை லண்டன் குழந்தைகளின் ரத்தத்தோடு ஒப்பிட்டார்கள். புனே குழந்தைகள் எடையில் குறைவு. ஆனால் அந்த எடைக்கு லெப்டின் அதிகம். பூஞ்சையாகப் பிறந்த பிள்ளைக்கும் கொழுப்பு உண்டு!

இந்த ஹார்மோன்களை வழக்கமான கர்ப்பப் பரிசோதனையில் அளப்பதில்லை, அளக்கத் தேவையுமில்லை. கர்ப்பகாலச் சர்க்கரை நோயைக் கண்டறியக் கர்ப்பிணிகளுக்குச் சென்னை மருத்துவர் வீ. சேஷையா வலியுறுத்திய எளிய சோதனையே போதும்: 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துச் சர்க்கரை 140 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால், உடனே சிகிச்சை தொடங்க வேண்டும்.