மலை இறக்கமும் வண்டியின் மூச்சும் – 6: தாங்கியில் இறங்கும் கடலோரத்து ஈரம்

எயார் பிரேக் பொருத்தப்பட்ட லொறியில் எஞ்சின் சுழற்றும் கம்பிரசரே காற்றை அழுத்துகிறது என்பதும், அக்காற்று தாங்கிகளில் சேர்ந்து, சாரதி மிதிக்கும்போது வால்வுகளின் வழியே சக்கரங்களருகே உள்ள பிரேக் சேம்பர்களை அடைகிறது என்பதும் சென்ற இதழில் விளக்கப்பட்டன. அந்தக் காற்றோடு அழையாமல் வந்து சேரும் நீரும் எண்ணெயுமே இவ்விதழின் பொருள். இவ்விரண்டும் நாட்கணக்கில் ஓசையின்றிச் சேர்ந்து, நானுஓயா – றதல்ல குறுக்குப் பாதை போன்ற இறக்கத்தில், அதாவது 2023 ஜனவரி 20 அன்று பஸ்ஸும் வானும் முச்சக்கர வண்டியும் மோதி 7 உயிர்கள் பறிபோன பாதையை ஒத்த இடங்களில், தம் வேலையைக் காட்டக்கூடியவை என்பதால், அவற்றை வண்டி நிற்கும் இடத்திலேயே கண்டுகொள்வது உயிரைக் காக்கும் காரியமாகும்.

மலையகத்தில் தாங்கியிலிருந்து தண்ணீர் வடிந்தால் மூடுபனியின் மேல் பழி போடுவது வழக்கம். கணக்கிட்டுப் பார்த்தால் அந்தப் பழி அவ்வளவாகப் பொருந்தவில்லை. காற்று சூடேறச் சூடேறக் கூடுதலான நீராவியைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். குளிர்ந்தாலோ, சுருங்கிய இடத்தில் அடைபட்டாலோ அந்த ஆவி நீராகப் பிரியும். கொழும்பில் 30 பாகை செல்சியஸ் வெப்பமும் 80 சதவீத ஈரப்பதனும் உள்ள ஒரு நாளில், ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீர் ஆவியாக இருக்கும். அந்தக் காற்றைக் கம்பிரசர் 8 பார் அழுத்தத்துக்கு, அதாவது கடல்மட்ட வளிமண்டலத்தைப் போல எட்டு மடங்கு கூடுதலான அழுத்தத்துக்கு உயர்த்தும்போது, அது ஒன்பதில் ஒரு பங்கு இடத்துக்குள் அடங்கிவிடுகிறது. பழைய வெப்பநிலைக்கு ஆறியபின் அந்த இடத்தில் 3 கிராமுக்குச் சற்றுக் கூடுதலான ஆவியே தங்க முடியும் என்பதால், எஞ்சிய 21 கிராம் நீராகிவிடும். நுவரெலியாவின் 15 பாகைக் காற்றோ, எவ்வளவு மூடுபனி சூழ்ந்திருந்தாலும், கனமீட்டருக்கு 13 கிராமுக்கு மேல் ஆவியைத் தாங்காது.

அவிசாவளையிலும் கித்துல்கலையிலும் உறிஞ்சிய காற்றோடு ஹட்டன் வழியாக மேலேறி, 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் இரவு தங்கும் லொறியின் தாங்கிகள், விடியுமுன் 10 பாகைக்கும் கீழே குளிர்ந்துவிடக்கூடும். அப்போது, கீழ்நாட்டில் ஆவியாகவே தப்பி வந்த 3 கிராமிலும் 2 கிராமுக்கு மேல் நீராக இறங்கிவிடும். கொழும்பில் குறையொன்றும் தெரியாமல் ஓடிய வண்டி, மலையில் ஓரிரவு நின்றதும் தண்ணீர் கக்குவதற்குக் காரணம் இதுவே.

இந்த ஈரத்தைத் தடுப்பதற்காகவே கம்பிரசருக்கும் தாங்கிகளுக்கும் இடையில் எயார் டிரையர் பொருத்தப்படுகிறது. அதன் உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிறு மணிகள் நிறைந்த உறை இருக்கும். தாங்கி நிரம்பியதும் கவர்னர் என்னும் கட்டுப்பாட்டு வால்வு கம்பிரசரின் சுமையை நீக்க, டிரையரின் அடிவால்வு திறந்து, உலர்ந்த காற்றில் சிறிதளவு மணிகளின் ஊடே பின்னோக்கிப் பாய்ந்து, அவை உறிஞ்சிய ஈரத்தை வெளியே தள்ளும். நிறுத்தத்தில் நிற்கும் பஸ்ஸிலிருந்து சட்டென்று எழும் சீறலில் பெரும்பாலானவை இந்தச் சுத்திகரிப்பின் ஓசையே. இங்கே மறக்கக் கூடாத ஒன்று உண்டு. கவர்னர் சுமையை நீக்கினால்தான் டிரையர் தன்னை உலர்த்திக்கொள்ளும். எங்கோ ஒரு மூட்டில் காற்றுக் கசிந்து அழுத்தம் உச்சத்தை எட்டாமலே போனால், கம்பிரசர் ஓய்வின்றி உழைக்கும். டிரையர் ஈரத்தைச் சுமந்தபடியே இருக்கும்.

எண்ணெயும் பெரும்பாலும் இதே வாசலில்தான் நுழைகிறது. கம்பிரசரின் பிஸ்டனை எஞ்சின் எண்ணெயே வழுக்கச் செய்வதால், நல்ல நிலையிலும் அணுவளவு எண்ணெய் காற்றோடு செல்லும். ஓயாமல் உழைத்து வெளியேறும் காற்று 150 பாகையைத் தாண்டிச் சூடேறும்போது அந்த அளவு பெருகுகிறது. எண்ணெய் கருகி வெளியேற்றுக் குழாயின் உட்சுவரில் கரியாகப் படிய, குழாய் ஒடுங்கி வெப்பம் மேலும் ஏறுகிறது. டிரையரை அடையும் எண்ணெய் மணிகளின் மேல் பூச்சாகப் படிந்து அவை ஈரத்தை உறிஞ்சாதபடி செய்துவிடுவதால், எண்ணெய்க் கோளாறு சில வாரங்களில் தண்ணீர்க் கோளாறாக உருமாறுகிறது.

மலையின் உயரம் இதற்குத் துணைபோகிறது. நுவரெலியாவில் வளிமண்டல அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைப் போல 80 சதவீதமே என்பதால், அதே தாங்கியை நிரப்பக் கம்பிரசர் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடுதலாக உழைக்க வேண்டும். 1885இல் நானுஓயாவை எட்டிய மலைநாட்டு ரயில்பாதையில் நெடுங்காலம் ஓடிய ரயில்களின் வெற்றிட பிரேக்குக்கும் இதே மெல்லிய காற்றுதான் குறையாக இருந்தது. பிரேக்கை அழுத்தும் விசையே வெளிக்காற்றின் அழுத்தம் என்பதால், உயரம் ஏற ஏற அந்த விசை குறையும்.

நோயறியும் வேளை விடியற்காலை. சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, எஞ்சின் நின்றிருக்க, தாங்கியின் அடியிலுள்ள வடிகால் திருகின் கீழே ஒரு வெள்ளைத் தகர மூடியைப் பிடித்து, முகத்தை விலக்கிக்கொண்டு, திருகை மெல்லத் திறக்க வேண்டும். கம்பிரசருக்கு அடுத்துள்ள முதல் தாங்கியில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்ப்பது முறை. சில துளி தெளிந்த நீர் மட்டும் மூடியில் விழுந்தால், டிரையரின் உறை முதிர்ந்துவருகிறது என்று கொள்ளலாம். பால் கலந்த தேநீரைப் போலக் கலங்கிய நீர் வந்தால், எண்ணெயும் ஈரமும் கலந்துவிட்டன, உறை செத்துவிட்டது. கருத்துப் பிசுபிசுக்கும் கசடு வந்தால், வெளியேற்றுக் குழாயைக் கழற்றி உள்ளே கரி படிந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். செந்நிற நீர் தாங்கியின் துருவைக் காட்டும். பிரேக் சுற்றுகளுக்குரிய பின் தாங்கிகளிலும் நீர் இருந்தால், அது வால்வுகளின் கிரீசைக் கழுவத் தொடங்கியிருக்கும். 30 லீட்டர் தாங்கியில் 5 லீட்டர் நீர் தேங்கினால் காற்றுக்கு எஞ்சுவது 25 லீட்டரே; லபுக்கலையிலிருந்து றம்பொடை வரை வளைவுக்கு வளைவு மிதிக்கும் சாரதிக்கு ஒவ்வொரு மிதியிலும் முள் வழக்கத்தைவிடக் கூடுதலாக இறங்கும்.

எண்ணெயைக் கண்டவுடன் கம்பிரசரைக் கழற்றி மாற்றுவது கராஜ்களில் மிகவும் பரவியுள்ள தவறு. ஒரு தோட்டத்து லொறிக்காரரின் பல மாதச் சேமிப்பு அதில் கரைந்துபோகும். முதலில் பார்க்க வேண்டியது கசிவை. எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை விடுவித்து, முள்ளைக் கவனிக்கையில், தனி லொறியில் நிமிடத்துக்கு 2 பிஎஸ்ஐக்கு மேல், ஏறத்தாழ 0.14 பாருக்கு மேல், அழுத்தம் குறையக் கூடாது என்பது அமெரிக்கச் சாரதிகளுக்குக் கற்பிக்கப்படும் அளவு. இங்கும் அதுவே போதிய வழிகாட்டி. குறைந்தால் சவர்க்கார நுரையைப் பூசி மூட்டுகளைத் தேட வேண்டும். அடுத்து, கம்பிரசர் காற்றை இழுக்கும் வடிகட்டி அடைபட்டிருக்கிறதா என்பதும், எண்ணெய் எஞ்சினுக்குத் திரும்பும் வழி திறந்திருக்கிறதா என்பதும். இம்மூன்றும் சரியாக இருந்தும் எண்ணெய் நிற்காதபோதே பிஸ்டன் வளையங்களைச் சந்தேகிக்க வேண்டும்.

ஈரத்தை ஓட்டுவதாக நம்பி மண்ணெண்ணெயையோ ஸ்பிரிட்டையோ குழாயில் ஊற்றும் பழக்கத்தை முற்றாகக் கைவிட வேண்டும். மண்ணெண்ணெய் பல ரப்பர்களை ஊதச் செய்யும், ஸ்பிரிட் அவற்றை உலர்த்தி வெடிக்கச் செய்யும். பழுது நீங்கியபின், கரி படிந்த குழாயை மாற்றி, தாங்கிகளை முழுதும் வடித்து, டிரையரின் உறையைப் புதிதாக்கிய பிறகே வண்டி ஓட வேண்டும். பழைய உறையை அப்படியே விட்டுப் புதிய கம்பிரசரைப் பூட்டினால், உறையில் ஊறிய எண்ணெய் புதிய காற்றோடும் தாங்கிகளுக்குச் சென்றுகொண்டே இருக்கும். ஒரு வாரம் ஓடியபின் அதே வெள்ளை மூடியை மீண்டும் திருகின் கீழே பிடித்துப் பார்க்க வேண்டும்.